கேட்டதும் சொன்னதும்: "மாதர் சங்கம் என்னதான் கிழித்தது?"

சென்ற இதழில் ஓர் அன்பர், "கொலுவுக்குச் சுண்டல் பங்கிடுவதைத் தவிர மாதர் சங்கங்கள் இந்த மும்பையில் என்னதான் கிழித்தன?" என்று கேட்டிருந்தார். "உங்கள் வீட்டுக் குழாயைக் கேளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரி பலருக்குப் போதவில்லை. சிலருக்குக் கோபம், சிலருக்கு நிஜமான ஆர்வம். மாட்டுங்காவில் ஒரு மாதர் சங்கத்தின் பொருளாளராகப் பல வருடங்கள் கணக்கு நோட்டைச் சுமந்தவள் என்ற உரிமையில், இந்த இதழை முழுக்க அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன். ஜாதகம், மருமகள், மாடித்தோட்டம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

*

கேள்வி: குழாயைக் கேளுங்கள் என்றீர்கள். கேட்டேன். காற்றுதான் வந்தது. கேலியை விட்டு விஷயத்தைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கோரேகாவ்

கோரேகாவில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! உங்கள் பேட்டையில் வயதான மராட்டியப் பெண்மணி யாரையாவது நிறுத்தி, "பானிவாலி பாயி யார்?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் உங்களை விடமாட்டார்.

மிருணாள் கோரே 1928-இல் பிறந்தவர். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு சோஷலிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். 1950-களில் அவர் வேலையைத் தொடங்கியது எந்த மாநாட்டு மேடையிலும் அல்ல. கோரேகாவ் மகளிர் மண்டலில். குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லை வீட்டுக் கூடத்தில் உச்சரிக்கவே பெண்கள் கூசிய காலத்தில் அதற்கு ஓர் ஆலோசனை மையம் நடத்தினார். 1958-இல் கணவர் கேசவ் கோரே இறந்துபோனார். கையில் சிறு பெண் குழந்தை. 1961-இல் மும்பை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அப்போதைய தண்ணீர் நிலவரத்தைப் புரிந்துகொள்ள நிலப்படத்தைக் கொஞ்சம் பாருங்கள். விஹார் ஏரி 1860-லேயே மும்பைக்குத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அடுத்து 1879-இல் துள்சி, 1892-இல் தான்சா. விஹாரும் துள்சியும் எங்கே இருக்கின்றன? உங்கள் கோரேகாவுக்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில். ஆனால் தண்ணீர் தெற்கே, பழைய நகரத்துக்குப் போனது. 1957-இல் மாநகராட்சியின் எல்லை தஹிசர் வரை நீண்டபோது கோரேகாவ் வரி கட்டும் ஊராக மாறியது. தண்ணீர் மட்டும் அதே வேகத்தில் வரவில்லை. ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். மிருணாள் அந்த வரிசையையே மாநகராட்சிக்குத் திருப்பினார். காலிக் குடங்களோடு பெண்கள் ஊர்வலம் போனார்கள். சபைக்குள்ளே அவர் கேட்டார், வெளியே அவர்கள் நின்றார்கள். அப்படி வந்த பட்டப்பெயர்தான் பானிவாலி பாயி, தண்ணீர்க்கார அம்மாள்.

பட்டம் அதோடு நிற்கவில்லை. 1977 தேர்தலில் அவர் நாடாளுமன்றத்துக்கு வென்றார், இந்திரா காந்தி தோற்றார். அப்போது மும்பைத் தெருக்களில் எழுந்த கோஷம்: "பானிவாலி பாயி தில்லி மே, தில்லிவாலி பாயி பானி மே." தண்ணீர்க்காரி தில்லிக்குப் போனாள், தில்லிக்காரி தண்ணீரில் விழுந்தாள். கோஷம் எழுதியவன் எவனோ, நல்ல கைக்காரன்.

இடையில் 1972. மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி, தானியத்துக்கும் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் தட்டுப்பாடு. சோஷலிஸ்ட் மிருணாளும், கம்யூனிஸ்ட் அஹில்யா ரங்கணேகரும், மற்றக் கட்சிப் பெண்களும் சேர்ந்து விலைவாசி எதிர்ப்புக் கூட்டுக்குழு அமைத்தார்கள். வீட்டு ஆண்கள் கட்சி மேடைகளில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தபோது பெண்கள் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கையில் கொடிக்குப் பதிலாக லாட்டணை. அதாவது சப்பாத்திக் குழவி. வீட்டுக்கு வெளியே வர முடியாதவர்கள் குறித்த நேரத்தில் வாசலில் நின்று தட்டைத் தட்டினார்கள். கையில் குழந்தை, அடுப்பில் பால், மாமியார் கண் மேலே: இப்படிப்பட்ட பெண்ணும் பங்கெடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார்களே, அதுதான் அமைப்பாளரின் மூளை. உரத்த குரல் எல்லாருக்கும் வரும்.

எங்கள் தமிழ்ச் சங்கப் பெண்களில் பலருக்கு அன்று மராட்டி அரைகுறை. தட்டுக்கு மொழி தேவைப்படவில்லை.

உங்கள் குழாயில் இப்போது காற்று வருகிறது என்றால், அதற்கும் இதே வைத்தியம்தான். ஆனால் போகும்போது நோட்டோடு போங்கள். எந்தக் கட்டடத்தில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மாடி ஏறியது என்று எல்லாக் கட்டடங்களுக்கும் தினமும் எழுதுங்கள். எங்கள் சங்கம் வார்டு அலுவலகத்துக்கு முதலில் புலம்பலோடு போனது, நாற்காலிகூட கிடைக்கவில்லை. பிறகு நோட்டோடு போனோம். இன்ஜினீயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். வால்வு திறப்பவர் எங்கள் வரிசைக்கு வரும் நேரம் அவருடைய பதிவேட்டில் ஒன்றாகவும் எங்கள் நோட்டில் வேறொன்றாகவும் இருந்தது. அதன் பிறகு பேச்சு வேறு மாதிரி நடந்தது.

*

கேள்வி: லேடீஸ் கிளப் என்றாலே சீட்டாட்டம், புடவைப் பேச்சு, ஊர் வம்பு. இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.
– ஒரு வாசகர், டோம்பிவிலி

இருக்கிறது. ஆண்கள் கிளப்பில் என்ன, வேத பாராயணமா நடக்கிறது?

வம்பு பேசத்தான் வந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்குக் கணவன் பணம் அனுப்புவதில்லை, ஐந்தாம் வீட்டுக் குழந்தை பள்ளிக்குப் போவதில்லை, ரேஷன் கடைக்காரர் மண்ணெண்ணெயைப் பின்வாசல் வழியாக விற்கிறார் என்பவையெல்லாம் வம்பாகத்தான் முதலில் வரும். மராட்டியர் வீட்டு ஹல்தி குங்குவும் நம் வீட்டு மஞ்சள் குங்குமமும் பெண்கள் யார் அனுமதியும் கேட்காமல் கூடுவதற்குக் கிடைத்த சந்தர்ப்பங்கள். அந்தக் காலத்து சமூக சேவகிகள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். வெற்றிலை பாக்கு வாங்கக் கூடியவர்களிடம்தான் கதர் பற்றியும் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது பற்றியும் பேச முடிந்தது.

*

கேள்வி: பெண்கள் கிளப் என்பதே மேல்நாட்டு இறக்குமதி என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். உண்மையா அம்மா?
– ஒரு கல்லூரி மாணவி, செம்பூர்

உன் பேராசிரியருக்குப் பாதி மதிப்பெண் போடலாம்.

அமெரிக்கக் கதை சுவையானது. 1868-இல் சார்லஸ் டிக்கன்ஸ் நியூயார்க் வந்தார். பத்திரிகையாளர் சங்கம் அவருக்கு விருந்து வைத்தது. ஜேன் கன்னிங்ஹாம் குரோலி என்ற பெண் பத்திரிகையாளர் அனுமதிச் சீட்டுக் கேட்டார். பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். "சரி, உங்கள் விருந்தை நீங்களே சாப்பிடுங்கள்" என்பதுபோல அதே ஆண்டில் அவர் பெண்களுக்கென்று சொரோசிஸ் என்ற கிளப்பைத் தொடங்கினார். 1890-இல் நாடு முழுவதும் இருந்த அத்தகைய கிளப்புகள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. புத்தகம் படிக்கவும் கட்டுரை வாசிக்கவும் கூடியவர்கள், ஊருக்கு நூலகம் வேண்டும், சுத்தமான பால் வேண்டும், குழந்தைத் தொழிலாளர் முறை ஒழிய வேண்டும் என்று கிளம்பினார்கள். கனடாவில் அடிலெய்ட் ஹூட்லஸ் என்ற தாயின் கைக்குழந்தை 1889-இல் இறந்தது. கெட்டுப்போன பால்தான் காரணம் என்று அவர் நம்பினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1897-இல் ஒன்டாரியோவின் ஸ்டோனி கிரீக்கில் கிராமப் பெண்களுக்கென்று ஓர் அமைப்பு பிறந்தது. பின்னாளில் அதன் கிளைகள் பிரிட்டன் வரை பரவின.

இப்போது நம் பக்கம் வா. பண்டித ரமாபாய் 1882-இல் பூனாவில் ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். அமெரிக்கக் கூட்டமைப்பு பிறக்க இன்னும் 8 வருடங்கள் இருந்தன. 1908-இல் மும்பையில் சேவா சதன் என்ற பெண்கள் சேவை அமைப்பு வந்தது. அதைத் தொடங்கியவர்கள் பெஹ்ராம்ஜி மலபாரியும் தயாராம் கிதுமலும். இருவரும் ஆண்கள், ஒருவர் பார்சி, ஒருவர் சிந்தி. தலைமையேற்றவர் ரமாபாய் ரானடே. 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம். அதில் ஐரிஷ்காரரான மார்கரெட் கசின்ஸும் இருந்தார், டோரதி ஜினராஜதாசாவும் இருந்தார், தலைவி அன்னி பெசன்ட். அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு சென்னையில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து ஓட்டுரிமை கேட்டது. இங்கிலாந்திலேயே பெண்களுக்கு நாடாளுமன்ற ஓட்டு அப்போது கிடைத்திருக்கவில்லை. இறக்குமதி செய்த சரக்கை, அதை ஏற்றுமதி செய்த ஊருக்கே கிடைக்கும் முன்பு யாராவது கேட்பார்களா? இதைப் பேராசிரியரிடம் மரியாதையாகக் கேட்டுப் பார்.

*

கேள்வி: இதிலெல்லாம் தமிழ்ப் பெண்கள் எங்கே? எல்லாம் மராட்டி, குஜராத்தி, பார்சி பெயர்களாகவே இருக்கின்றனவே.
– ஒரு வாசகி, சயான்

மும்பையைப் பற்றிப் பேசினால் மும்பைக்காரர்கள் பெயர்தான் வரும், அம்மா. தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் சென்னைக்குப் போவோம்.

சகோதரி சுப்புலட்சுமி 1912-இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். சிறு வயதிலேயே விதவையானவர், பட்டம் பெற்றவர். தன்னைப்போன்ற பால்ய விதவைகளைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். அவரைப் பற்றித் தனியாக ஓர் இதழே எழுதலாம்.

நான் சொல்ல விரும்புவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி. தேவதாசி ஒழிப்பு, 1927-இல் சென்னை சட்டமன்றம், அங்கே துணைத் தலைவர் பதவி என்று எல்லாரும் சொல்லும் விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்ப முனைந்து நின்றது இந்திய மாதர் சங்கம் என்பது அவ்வளவாகத் தெரியாது. அதைவிடக் குறைவாகத் தெரிந்த இன்னொன்று, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1920-களில் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் முத்துலட்சுமியை விடவில்லை. புற்றுநோய் என்றாலே சாவு, அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பதுதான் அன்றையப் பொதுக் கருத்து. மாதர் சங்கத்தின் பெயரிலேயே புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று திரட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. இன்று மாநிலம் தாண்டியும் நோயாளிகள் வருகிற இடம். அந்த நிதிக்கு எத்தனை வீட்டுக் கதவுகளைத் தட்டியிருப்பார்கள், எத்தனை ரசீது கிழித்திருப்பார்கள் என்று ஒரு பொருளாளராக நினைத்துப் பார்க்கிறேன். நன்கொடை கேட்டுப் போகிறவளின் முகத்தில் கதவு எப்படிச் சாத்தப்படும் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த முறை யாராவது "சுண்டல்" என்றால், 12 படுக்கை என்று சொல்லுங்கள்.

*

கேள்வி: என் மனைவி மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போகும் நாட்களில் இரவுச் சாப்பாடு தாமதமாகிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மாட்டுங்கா

அரிசியைக் களைந்து, குக்கரில் வைத்து, மூன்று விசில் விடலாம்.

*

கேள்வி: லிஜ்ஜத் அப்பளமும் மாதர் சங்கம்தான் என்று என் அண்ணி சொல்கிறார். அது கம்பெனி இல்லையா?
– ஒரு வாசகி, முலுண்ட்

உங்கள் அண்ணி பக்கம் நான். 1959 மார்ச் 15 அன்று கிர்காவில் ஏழு குஜராத்திப் பெண்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் இட்டார்கள். முதலீடு, கடன் வாங்கிய 80 ரூபாய். முதல் நாள் சரக்கு 4 பாக்கெட். அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 62 வருடம் கழித்தாவது கொடுத்தார்களே.

எனக்கு இதில் பிடித்தது, நன்கொடை வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே அவர்கள் எடுத்த முடிவு. தர்மம் வேண்டாம், வேலை வேண்டும். அப்பளம் இடுகிற ஒவ்வொருவரும் சகோதரி உறுப்பினர். லாபத்திலும் பங்கு, நஷ்டத்திலும் பங்கு. காலையில் பிசைந்த மாவை வாங்கிப் போகிறார்கள், வீட்டில் இடுகிறார்கள், காய்ந்த அப்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். வேலைக்காக வெளியே போக வீட்டில் விடமாட்டார்கள் என்றால் வேலை வீட்டுக்கு வரட்டும் என்ற ஏற்பாடு. இதைக் குறை சொல்கிறவர்களும் உண்டு: பெண்ணை மறுபடியும் பலகையும் குழவியுமாக வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்கள் என்று. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தன் கையால் சம்பாதித்த பணத்தில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிய பெண்ணிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

*

கேள்வி: நீங்கள் சொல்வதெல்லாம் பட்டுப்புடவைக்காரர்கள் கதை. எங்களைப் போன்றவர்களுக்கு அவர்கள் வருடத்தில் ஒரு நாள் நோட்டுப் புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அதுவும் வரலாறா?
– ஒரு வாசகி, தாராவி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதில் சொல்ல எளிதான கடிதம் இல்லை.

நீங்கள் சொல்கிற போட்டோவை நானும் பார்த்திருக்கிறேன். கொடுப்பவரின் முகம் காமிரா பக்கம் இருக்கும், வாங்குகிற குழந்தையின் முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கும். மத்தியதர வர்க்கத்துச் சங்கங்கள் பலவற்றுக்கு ஏழைப் பெண் என்றால் உதவி வாங்குகிறவள். அவள் செயற்குழுவில் நாற்காலி போட்டு உட்காருகிறவள் என்ற எண்ணமே வரவில்லை. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே வந்துவிடலாம். அந்தத் தூரத்தைப் பல சங்கங்கள் கடக்கவில்லை.

ஆனால் நோட்டு கொடுப்பவர்களுக்காகக் காத்திருக்காத பெண்களின் வரலாறும் இதே ஊரில் இருக்கிறது. பைகுல்லாவின் நடைபாதைகளில் குடிசை போட்டு வாழ்ந்த பெண்கள் 1986-இல் மகிளா மிலன் என்று ஒன்றுசேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், நடைபாதைக் குடிசைகளை உரிய முன்னறிவிப்போடு அகற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தச் சமயத்தில் ஸ்பார்க் என்ற அமைப்பு நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தது: எந்த ஊர், எப்போது வந்தார்கள், என்ன வேலை, என்ன கூலி. அரசின் கணக்கில் இல்லாதவர்களின் கணக்கு அது. மகிளா மிலன் பெண்கள் தினமும் கையில் இருக்கும் காசைச் சேர்த்தார்கள், அதிலிருந்து கடன் கொடுத்தார்கள், வீடு எப்படி இருக்க வேண்டும் என்று தாங்களே மாதிரி அமைத்துக் காட்டினார்கள். சமையல் மேடை எங்கே, கூரை எவ்வளவு உயரம் என்று அவர்கள் சொல்ல, படித்தவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அவர்களோடு தோள் கொடுத்தவர்களில் ஒருவர் நம் தமிழர், கோலார் தங்கவயலில் பிறந்த ஜாக்கின் அற்புதம். மான்குர்துக்குப் பக்கத்தில் ஜனதா காலனியில் குப்பை அள்ள யாரும் வராதபோது, பிள்ளைகளைத் திரட்டிக் குப்பையை மூட்டை கட்டி மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்ட வைத்தவர். அந்தக் காலனி 1976-இல் இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்புக்கு விரட்டப்பட்டார்கள். அவருக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது, 2018-இல் காலமானார். குடிசைப் பகுதியில் வேலை நடக்க வேண்டுமென்றால் பெண்களிடம் பணத்தையும் முடிவையும் கொடுங்கள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் தெருவில் சேமிப்புக் குழு இருந்தால் அதுதான் உங்கள் மாதர் சங்கம். போட்டோக்காரர்கள் அடுத்த முறை வந்தால், நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "உங்கள் செயற்குழுக் கூட்டம் எந்தக் கிழமை? எங்களில் இருவர் வருகிறோம்" என்று கேளுங்கள். என்ன முகம் காட்டினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

*

கேள்வி: அரசியலில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வந்த பிறகு சங்கம் எதற்கு?
– ஒரு வாசகர், வாஷி

மும்பை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-இல் ஓட்டுரிமை வந்தது, அதுவும் சொத்து உள்ளவர்களுக்கு. 1923-இல் சரோஜினி நாயுடுவும் அவந்திகாபாய் கோகலேயும் மாநகராட்சிக்குள் நுழைந்தார்கள். அவந்திகாபாய் செவிலிப் பயிற்சி பெற்றவர், 1917-இல் காந்தியோடு சம்பாரணுக்குப் போனவர், 1918-இல் கிர்காவில் ஹிந்த் மகிளா சமாஜத்தைத் தொடங்கியவர். சங்கத்தில் பழகிய கைதான் சபைக்குப் போனது. முதல் பெண் மேயர் சுலோசனா மோடி வர 1956 ஆயிற்று. இப்போது மாநகராட்சியின் 227 இடங்களில் பாதி பெண்களுக்கு. நல்லது. ஆனால் கணவரின் போட்டோவைத் தன் போட்டோவைவிடப் பெரிதாகப் போட்டு ஓட்டுக் கேட்கும் வேட்பாளர்களையும் பார்க்கிறோம். வார்டு அலுவலகத்தில் மனு எழுதித் தேய்ந்த கைக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

*

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பெண்கள் சேர்ந்து சங்கம் தொடங்க ஆசைப்படுகிறோம். பதிவு செய்ய வேண்டுமா? எப்படி?
– ஒரு வாசகி, மீரா ரோடு

இப்படி ஒரு கடிதம் வராதா என்றுதான் காத்திருந்தேன்.

முதல் வருடம் பதிவு செய்யாதீர்கள். கூடுங்கள், ஒரு வேலையை எடுத்து முடியுங்கள், சண்டை போடுங்கள், யார் தங்குகிறார்கள் என்று பாருங்கள். பிறகு பதிவு. 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். மகாராஷ்டிரத்தில் அதோடு 1950-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இரண்டுக்கும் தர்ம ஆணையர் (சாரிட்டி கமிஷனர்) அலுவலகம்தான். உங்கள் மீரா ரோடு தாணே மாவட்டத்தில் இருக்கிறது, உங்களுக்கு அங்கே உள்ள அலுவலகம். எங்களுக்கு வொர்லியில். அது இருக்கும் சாலையின் பெயர் அன்னி பெசன்ட் சாலை. மாதர் சங்கத்தின் முதல் தலைவி பெயர் கொண்ட சாலையில், மாதர் சங்கப் பெண்கள் முத்திரைக்காக நாள் முழுக்க நிற்கிறோம்.

விதிமுறைகளை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். வேறொரு சங்கத்தின் விதிகளைப் பெயர் மாற்றி நகலெடுக்கும் பழக்கம் உண்டு. அதில் இருக்கும் ஓட்டையெல்லாம் உங்களுக்கும் வந்து சேரும். தலைவி தொடர்ந்து எத்தனை முறை பதவியில் இருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் அந்த நாற்காலி சிலருக்குத் தாலியைப்போல ஆகிவிடும், கழற்ற மாட்டார்கள். செயற்குழு மாறினால் 90 நாட்களுக்குள் மாற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். இதை மறந்த சங்கங்களில், இறந்துபோனவர்கள் காகிதத்தில் இன்னமும் அறங்காவலர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போதுதான் விவரம் தெரியவரும்.

பணம். எட்டணா வந்தாலும் ரசீது. சங்கப் பணம் யார் வீட்டு அலமாரியிலும் ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது, தலைவி வீடாக இருந்தாலும் சரி, பொருளாளர் வீடாக இருந்தாலும் சரி. மார்ச் 31 முடிந்ததும் கணக்கைத் தணிக்கைக்குக் கொடுங்கள். வரிவிலக்குச் சான்றிதழ் பிற்பாடு வாங்கினாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்த விலக்கு கிடையாது என்பதை நன்கொடையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு உங்களைத்தான் திட்டுவார்.

கூட்டக் குறிப்பேட்டை எழுதுபவர், நடந்ததை எழுத வேண்டும். "இனிதே நடந்தது" என்று எழுதுவதற்கு ஆள் தேவையில்லை. யார் எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்று வரட்டும். சங்கங்களின் வரலாற்றை எழுதப் புறப்படுகிறவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் பொன்விழா மலர்கள்தான். அவற்றில் எல்லாரும் எப்போதும் புன்னகைக்கிறார்கள். சண்டையும் தீர்மானமும் இருக்கிற குறிப்பேடுகள் பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போய்விடுகின்றன. உங்கள் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அலைபேசியில் பக்கம் பக்கமாகப் படமும் எடுத்து வையுங்கள்.

பொன்னாடைக்குச் செலவு செய்யாதீர்கள். இது சட்டம் இல்லை, என் வேண்டுகோள்.

*

கேள்வி: இன்று ஒரு மாதர் சங்கம் எடுத்துச் செய்ய என்ன வேலை மிச்சம் இருக்கிறது? தண்ணீர் வந்துவிட்டது, ரேஷன் வரிசை போய்விட்டது. 1992-லேயே சர்ச்கேட்டிலிருந்து போரிவிலிக்குப் பெண்களுக்கென்று தனி ரயில்கூட வந்துவிட்டது.
– ஒரு வாசகி, போரிவிலி

ரயில் வந்தது. அதிலிருந்து இறங்கியதும் அவசரத்துக்கு எங்கே போவது?

2011-இல் மும்பையில் பல அமைப்புகளைச் சேர்ந்த பெண்கள் இதே கேள்வியோடு ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்கக் கட்டணம் இல்லை; பெண்களிடம் காசு வாங்கினார்கள். பல இடங்களில் பெண்களுக்கான பகுதி பூட்டியே கிடந்தது. அவர்கள் செய்த முதல் வேலை, இருக்கிற கழிப்பிடங்களைப் போய்ப் பார்த்து எழுதியது: கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் உண்டா, விளக்கு உண்டா, எவ்வளவு காசு கேட்கிறார்கள். அசிங்கமான விஷயம் என்று சொல்லி ஒதுக்கப்பட்ட ஒன்றை மாநகராட்சி வாய் திறந்து பேச வேண்டியதாயிற்று. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் ரயில் பெட்டியில் கேட்டுப் பாருங்கள்.

வேலை வேண்டும் என்றீர்கள். போரிவிலி ஸ்டேஷனிலும் அதன் இரு பக்கத்துச் சந்தைகளிலும் பெண்களுக்கான கழிப்பிடங்கள் எத்தனை, எந்த நேரத்தில் திறந்திருக்கின்றன, எவ்வளவு வாங்குகிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். காய்கறி விற்கும் பெண்களிடமும் கேளுங்கள், நாள் முழுக்க அங்கேயே இருப்பவர்கள் அவர்கள். தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். வரும் பட்டியலை இந்தப் பக்கத்தில் அப்படியே வெளியிடுகிறேன்.